‘எனக்கு வரைய வராது’ என்கிற பிள்ளைக்கு ஒரு காமிக்ஸ்: அட்வென்ச்சர்ஸ் இன் கார்ட்டூனிங்

காமிக்ஸ் வரையச் சொல்லித்தரும் சிறுவர் புத்தகங்களில் பெரும்பாலானவை உண்மையில் முகம் வரையத்தான் சொல்லித்தருகின்றன. வட்டம் போடு, குறுக்குக்கோடு போடு, கண்ணை வை என்று போகும். பிள்ளை அழகாக ஒரு முகம் வரைந்துவிடும். கதை மட்டும் இருக்காது. 2009இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் செகண்ட் பதிப்பகம் வெளியிட்ட ‘அட்வென்ச்சர்ஸ் இன் கார்ட்டூனிங்’ வேறு வழியில் போகிறது.

வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் ‘சென்டர் ஃபார் கார்ட்டூன் ஸ்டடீஸ்’ கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டர்ம். அங்கே படித்த ஆண்ட்ரூ அர்னால்ட், அலெக்சிஸ் ஃப்ரெடரிக்-ஃப்ராஸ்ட் இருவரோடும் சேர்ந்து அவர் செய்த புத்தகம் இது. காணாமல் போன இளவரசியைத் தேடி ஒரு வீரன் கிளம்புகிறான். மிட்டாய்ப் பைத்தியமான எட்வர்ட் என்ற குதிரை, ஒரு டிராகன், நடுநடுவே வந்து பாடம் நடத்தும் குட்டி மாயாவி, இவ்வளவுதான் பட்டாளம். முடிவில் ஒரு திருப்பம் உண்டு. அதை இங்கே உடைக்கப்போவதில்லை.

பாடமும் நகைச்சுவையும் ஒரே இடத்தில் நடப்பதுதான் இதன் பலம். உயரத்தைக் காட்ட நெட்டைக் கட்டம், தூரத்தைக் காட்ட அகலக் கட்டம் என்பதைக் கதை நடக்கும்போதே பிள்ளை பார்த்துக்கொள்கிறது. வீரனின் முகத்தைத் தலைக்கவசம் மறைத்திருப்பதும் கெட்டிக்காரத்தனம். கோபமா, பயமா என்பதை உடம்பின் சாய்வும் கையின் நிலையும்தான் சொல்லியாக வேண்டும். கண், மூக்கு வரையத் திணறும் பிள்ளைக்குப் பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. கடைசிப் பக்கங்களில் கட்டம், இடைவெளி, வசனத்தைச் சுற்றிப் போடும் பலூன் போன்ற அடிப்படைகளைத் தனியே விளக்குகிறார்கள். முதலில் கதையைப் படிக்கவிட்டு, அப்புறம் அங்கே போவதே நல்லது.

குறை என்னவென்றால், வெள்ளைத்தாளின் முன் உட்கார்ந்ததும் என்ன தவறும் என்பதைப் புத்தகம் போதுமான அளவு சொல்வதில்லை. முதலில் தவறுவது பலூன். படத்தால் கட்டத்தை நிரப்பிவிட்டு வசனத்தை மூலையில் நெருக்குவார்கள். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் இது இன்னும் மோசமாகும். ஆகவே கட்டத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி, வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றி பலூன் போட்டு, மிஞ்சிய இடத்தில் படம் வரையச் சொல்லுங்கள். பலூனின் வால் பேசுபவரின் வாயை நோக்கி இருக்கட்டும். முதலில் பேசுபவர் இடப்பக்கம். அவர் வலப்பக்கம் நின்றே ஆகவேண்டுமென்றால் அவருடைய பலூனை மற்றதைவிட மேலே ஏற்றவேண்டும். கட்டங்களுக்கிடையே அரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். அது இல்லாமல் ஒரே கோட்டைப் பகிர்ந்தால் இரண்டு படமும் ஒட்டிக்கொண்டு குழப்பும்.

புத்தகத்தோடு ஒரு ஏ4 தாளையும் கொடுங்கள். அதை எட்டுப் பங்காக மடித்து விரித்து, குறுக்கே பாதியாக மடியுங்கள். மடிப்பு விளிம்பின் நடுவிலிருந்து அடுத்த மடிப்புக்கோடு வரை வெட்டினால், பிரிக்கும்போது தாளின் நடுவில் ஒரு பிளவு இருக்கும். நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் அட்டையோடு எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் தயார். பக்கத்துக்கு இரண்டு கட்டத்துக்கு மேல் வேண்டாம், எழுத்து படிக்க முடியாமல் போகும். மடிக்கும் முன்பே வரைந்தால் பாதிப் பக்கங்கள் தலைகீழாக வந்து நிற்கும். மடித்து, பக்க எண் போட்டு, பிறகு பிரித்து வரைவதே சரி. 2பி பென்சிலில் லேசாக வரைந்து, மேலே கறுப்பு ஜெல் பேனாவால் எழுதினால் மை காயும்வரை கை படக்கூடாது. அவசரமாக ரப்பர் வைத்தால் மொத்தமும் இழுகிவிடும்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. வாக்கியங்கள் சின்னவை, ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற எட்டு வயதுப் பிள்ளை தானே படித்துவிடும். அதற்கும் சிறியவர்களுக்கு யாராவது பக்கத்தில் உட்காரவேண்டும். மனித உடல் அளவு, நிழல், தூரக்காட்சி எல்லாம் கேட்கிற பன்னிரண்டு வயதுக்காரருக்கு இதில் தீனி இல்லை. இதே குழுவின் பயிற்சிப் புத்தகமும் இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் என்றால் கதைப் புத்தகத்தையே வாங்குங்கள். பயிற்சிக்கு அந்த ஏ4 தாள் போதும்.