சுங்கை சிப்புட் வரிசை வீட்டில் நான்கு கேமரா: மூன்று ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகு

கடையில் சி.சி.டி.வி. செட் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது கேமராவைத்தான். இது 4 மெகாபிக்சல், அது 8 மெகாபிக்சல், இது ராத்திரியிலும் கலர் என்று பேச்சு ஓடும். மூன்று ஆண்டு ஓடிய செட்டைத் திறந்து பார்த்தால் கேமராக்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போயிருப்பது ஹார்ட் டிஸ்க், அடாப்டர், கூரைக்கு வெளியே இருக்கும் ஒயர் இணைப்பு, இந்த மூன்றில் ஒன்று. களவு நடந்த அன்று பதிவு இல்லாமல் கையைப் பிசைய வைப்பவையும் இவைதான். கையில் பணம் குறைவென்றால் மெகாபிக்சலைக் குறைத்துக்கொள்ளுங்கள், இந்த மூன்றில் கை வைக்காதீர்கள்.

இங்கே பேசுவது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) எங்கும் காணும் ஒற்றை மாடி வரிசை வீட்டைப் பற்றி. முன்னால் கார் போர்ச், பின்னால் அடுக்களை, அதற்குப் பின் சந்து, லோங்காங் (சாக்கடை), அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். நான்கு கேமரா, நான்கு சேனல் என்.வி.ஆர். (கேமராப் படத்தைப் பதியும் ரெக்கார்டர்), தனியாக ஒரு பி.ஓ.இ. ஸ்விட்ச் (ஒரே நெட்வொர்க் கேபிளில் படத்தோடு கரண்டும் தரும் பெட்டி), 2 டிபி டிஸ்க், சின்ன யு.பி.எஸ். (கரண்ட் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி). கேட்டுக்கு ஒன்று, போர்ச்சுக்கு ஒன்று, பின் கதவுக்கு ஒன்று, ஹாலுக்கு ஒன்று. கூலி சேர்க்காமல் 1,500 ரிங்கிட்டை எல்லையாக வைத்துக்கொண்டு, எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதே கேள்வி.

முதல் முடிவு ஒயர். வீட்டில் ஏற்கெனவே பழைய கோஆக்சியல் கேபிள் (டி.வி. ஆன்டெனா ஒயர் போன்றது) ஓடியிருந்தால் அதைப் பிடுங்கிப் போட வேண்டியதில்லை. அதே கேபிளில் 1080பி தரும் டி.வி.ஆரும் (அந்தக் கேபிளுக்கான ரெக்கார்டர்) அதற்கேற்ற கேமராவும் வாங்கினால் போதும், படம் தாராளமாகத் தெளிவாக இருக்கும். புதிதாக இழுப்பதென்றால் கேட் 5இ அல்லது கேட் 6 நெட்வொர்க் கேபிளும் பி.ஓ.இ. கேமராவும்தான். வைஃபை கேமரா வாடகை அறைக்கும், குழந்தையையோ வயதானவர்களையோ பார்த்துக்கொள்ளவும் நல்லது. வீட்டின் ஒரே காவலாக அதை நம்பக் கூடாது. கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் மெமரி கார்டும் கூடவே போய்விடும். 64 ஜிபி கார்டில் இடைவிடாமல் பதிந்தால் நான்கு நாள் போலத்தான் தங்கும். சாதாரண கார்டு ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தேய்ந்து எழுத மறுத்துவிடலாம். ஆப்பில் நேரடிப் படம் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. வாங்குவதானால் எண்டூரன்ஸ் (நீண்ட நாள் எழுதத் தாங்கும்) என்று போட்ட கார்டு வாங்குங்கள். கேமராவில் ஆன்விஃப் வசதி (வேறு வேறு நிறுவனக் கருவிகள் சேர்ந்து இயங்கும் பொது முறை) இருக்கிறதா என்றும் பாருங்கள், பிறகு என்.வி.ஆரில் சேர்த்துக்கொள்ளலாம். வைஃபை சாமான் எதுவானாலும் மலேசியத் தர நிறுவனமான சிரிமின் சான்று பெற்றதா என்று பாருங்கள்.

12 வோல்ட் அடாப்டரை ஹாலில் செருகி, கேபிளின் ஒரு ஜோடிக் கம்பி வழியே பின் கதவுக் கேமராவுக்குக் கரண்ட் கொண்டுபோவது இங்கே சர்வ சாதாரணம். பகலில் எல்லாம் சரியாகத் தெரியும். இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து எரியும், விடிந்ததும் தானாகச் சரியாகிவிடும். கேமரா பழுது என்று மாற்றினாலும் அதே கதைதான். காரணம் கணக்கில் இருக்கிறது. ராத்திரியில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது கேமரா 0.4 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 25 மீட்டர் கேபிள் என்றால் போக வர 50 மீட்டர் கம்பி. நல்ல செம்பிலேயே 1.8 வோல்ட் வழியில் கரைந்து, கேமராவுக்குப் போய்ச் சேர்வது 10.2 வோல்ட். கேமராவில் 12 வோல்ட், 10 சதவீதம் கூடக் குறைய என்று போட்டிருந்தால் அதற்குக் குறைந்தது 10.8 வேண்டும். கேபிள் சி.சி.ஏ. ரகமாக, அதாவது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதாக இருந்தால் இழப்பு இன்னும் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். மலிவு கேபிள் பெட்டிகளில் பல இந்த ரகம். கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பி.ஓ.இ. முறையில் கரண்ட் 48 வோல்ட் அளவில் போவதால் 6 வாட் கேமராவுக்கு 0.13 ஆம்பியர் போதும், 100 மீட்டர் வரை கவலையில்லை. ஸ்விட்ச் வாங்கும்போது 802.3ஏ.எஃப். என்று எழுதியிருக்க வேண்டும். அந்தத் தரத்தில் ஸ்விட்ச் முதலில் எதிர்முனையை விசாரித்துவிட்டுத்தான் கரண்ட் விடும். அந்த விசாரிப்பு இல்லாத மலிவு ரகம் மடிக்கணினியைச் செருகினாலும் 48 வோல்ட்டைத் தள்ளிவிடும்.

உள்ளேயே பி.ஓ.இ. துளைகள் வைத்த என்.வி.ஆர். வசதியானது, செருகினால் படம் வரும். ஆனால் பேராக்கில் அதை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலம் ஆனால் இடி மின்னல்தான். பின் சந்துப் பக்கம் நீளும் கேபிள் மின்னலின் அதிர்வை வாங்கி நேராகத் துளைக்குள் கொண்டுவரும். துளை ரெக்கார்டரின் போர்டிலேயே இருந்தால் ரெக்கார்டரே போய்விடும். தனி ஸ்விட்ச் வைத்திருந்தால் பெரும்பாலும் ஸ்விட்சோடு சேதம் நின்றுவிடும், அதை மாற்றுவது சின்னச் செலவு. டிஸ்கும் பதிவும் தப்பிக்கும். மூன்று ஆண்டில் இந்த ஒரு முடிவு கொடுத்த பலனை வேறெதுவும் கொடுக்கவில்லை. கேட் தூணிலோ தனியாக நிற்கும் ஸ்டோரிலோ கேமரா வைத்தால் அந்த ஒரு கேபிளுக்காவது சர்ஜ் புரொடெக்டர் (மின் அதிர்வைத் தரைக்கு இறக்கிவிடும் கருவி) போடுங்கள். எர்த் இல்லாத இடத்தில் அது வெறும் டப்பா. பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் இருக்கும், எர்த் கம்பி எங்கேயோ அறுந்திருக்கும். பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு ஒருமுறை சோதித்துவிடுவது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை.

மின்னலின் இன்னொரு தொல்லை, ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுவது. வீட்டில் ஆள் இருந்தால் தூக்கிவிடலாம். ஊருக்குப் போயிருந்தால் வீடு முழுக்க இருட்டு, கேமராவும் இல்லை. 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள 650 வி.ஏ. யு.பி.எஸ்., மொத்தம் 40 வாட் இழுக்கும் செட்டை முக்கால் மணி நேரம் போலத் தாங்கும், அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்போது. இந்தச் சூட்டில் பேட்டரிக்கு இரண்டு, மூன்று ஆண்டுதான் ஆயுள். ஆகவே ஆப்பில் 'கருவி தொடர்பில் இல்லை' என்ற அறிவிப்பைத் திறந்து வையுங்கள். அது வந்தால் போய்ப் பார்க்க அண்டை வீட்டு அண்ணனிடமோ அக்காவிடமோ ஒரு சாவி இருக்கட்டும். ரவுட்டரையும் ஸ்விட்சையும் அதே யு.பி.எஸ்.ஸில் செருக மறக்காதீர்கள். ரெக்கார்டரை மட்டும் செருகிவிட்டு ஸ்விட்சைச் சுவரில் விட்டால், கரண்ட் போனதும் ரெக்கார்டர் வெற்றுத் திரையைத்தான் பதிந்துகொண்டிருக்கும்.

இனி டிஸ்க். கணக்கு எளிது: 1 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு 1 மெகாபிட்) ஓட்டம் ஒரு நாளுக்கு 10.8 ஜிபி. எச்.265 என்ற படச் சுருக்க முறையில் விநாடிக்கு 15 படம், கேமராவுக்கு 2 எம்.பி.பி.எஸ். என்று வைத்தால் நான்குக்கும் சேர்த்து நாளுக்கு 86.4 ஜிபி. 1 டிபி டிஸ்கில் 11 நாள், 2 டிபியில் 23 நாள் தங்கும். அதையே பழைய எச்.264 முறையில் 4 எம்.பி.பி.எஸ். என்று விட்டால் 1 டிபி ஆறு நாள்கூட வராது. தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றப் போனால் மூன்று வாரம் ஆகிவிடும். திரும்பி வந்து பூட்டைப் பார்க்கும்போது முதல் வாரப் பதிவு அழிந்திருக்கக் கூடாது, 2 டிபி சொல்வது அதற்காகத்தான். டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்புக்கென்றே செய்த டிஸ்க் வாங்குங்கள், அவை 24 மணி நேரமும் எழுதுவதற்கானவை. கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய டிஸ்கை மாட்டித் தரும் கடைகள் உண்டு. ரெக்கார்டர் மெனுவில் ஸ்மார்ட் என்ற பக்கத்தில் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். புது டிஸ்கில் அது பத்து இருபதுக்குள் இருக்க வேண்டும், மூன்று ஆண்டு ஓடியது 26,000-ஐத் தொட்டிருக்கும். அதே பக்கத்தில் சூடும் தெரியும். டி.வி. அலமாரிக்குள் கதவை மூடி வைத்த ரெக்கார்டர் 55 டிகிரி காட்டினால் கதவைத் திறந்து வையுங்கள், இல்லையேல் இடத்தை மாற்றுங்கள். டிஸ்க் பிழை வந்தால் பீப் அடிக்கும் வசதியைத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அணைத்துவிடுகிறார்கள். அணைக்கவே கூடாத ஒலி அது.

கேமரா விஷயத்தில் மெகாபிக்சலை விட லென்ஸ் முக்கியம். ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்புப்படி ஒருவரை அடையாளம் சொல்ல, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். 2.8 மி.மீ. லென்ஸ் விரிந்து பார்க்கும் ரகம். அதில் 2 மெகாபிக்சல் என்றால் மூன்று மீட்டர் வரைதான் முகம் தேறும், 4 மெகாபிக்சலில் நான்கு மீட்டர். கேட் ஏழு மீட்டர் தள்ளி இருந்தால் அங்கே 6 மி.மீ. லென்ஸ் போட வேண்டும். போர்ச்சுக்கும் ஹாலுக்கும் 2.8, கேட்டுக்கு 6, பின் கதவுக்கு 4 என்று கலந்து வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் வராது. கூரை விளிம்பில் உயரமாக மாட்டினால் தொப்பியும் ஹெல்மெட்டும்தான் பதியும். 2.4 மீட்டர் உயரம் போதும். கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிளில்) வருகிறவன் ஹெல்மெட்டைக் கழற்றுவது பெரும்பாலும் கிரில் கதவுக்கு முன்னால்தான், போர்ச் கேமரா அந்த இடத்தைப் பார்க்கட்டும். பின்னால் இருப்பது கேஸ் சிலிண்டர் தோங்கும் ஏர்கோன் செம்புக் குழாயும். அந்தக் கேமரா அவற்றையும் கதவையும் ஒரே சட்டத்துக்குள் பிடிக்க வேண்டும். அண்டை வீட்டு வாசலோ ஜன்னலோ படத்தில் விழுந்தால் பிரைவசி மாஸ்க் போட்டு மறைத்துவிடுங்கள், உறவு கெடாமல் இருக்கும்.

செம்பனை ஓரத்து வீடுகளுக்குச் சிலந்திதான் பெரிய எதிரி. கேமராவின் இளஞ்சூட்டுக்கும் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்கும் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் ஒரே ஒரு இழை ஓடினாலும் ராத்திரியில் அது வெள்ளைக் கயிறு மாதிரி பளிச்சிட்டுப் பின்னால் இருப்பதை எல்லாம் இருட்டாக்கும். காற்றில் ஆடும்போதெல்லாம் அறிவிப்பும் வரும். வாரம் ஒருமுறை நீளக் கம்பு விளக்குமாறால் தட்டிவிடுவதுதான் வழி. மழை விட்ட ராத்திரி ஈசல் கிளம்பினால் எந்த அமைப்பும் தாங்காது. அசைவு அறிவிப்பை அணைத்துவிட்டு, ஆளை மட்டும் கண்டறியும் வசதியை வையுங்கள். பதிவு மட்டும் 24 மணி நேரமும் ஓடட்டும். போர்ச் விளக்கை விடிய விடிய எரியவிடுவது விலை கூடிய கேமராவை விட நல்ல படம் தரும். இன்ஃப்ராரெட் விளக்கைக் கேமராவில் அணைத்துவிட்டு, இரண்டு மீட்டர் தள்ளித் தனி விளக்கு மாட்டினால் பூச்சி அந்தப் பக்கம் போய்விடும்.

வெளி இணைப்புகளில் பச்சை பூத்த பின்கள்தான் இரண்டாம் ஆண்டில் வரும் வியாதி. இணைப்பைக் கூரையடியில் தொங்கவிடாமல் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள். கேபிள் பாக்ஸுக்குள் நுழையுமுன் கீழே வளைந்து மேலேறட்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். எறும்பு கூடு கட்டாமல் துளையைச் சிலிகோனால் அடையுங்கள். சீலிங்குக்கு மேலே கேபிளை 20 மி.மீ. பைப்பில் ஓட்டினால்தான் எலியிடமிருந்து தப்பும். வெயில் படும் இடத்துக்குக் கறுப்பு வெளிப்புறக் கேபிள். சாம்பல் நிறத்து உள்புறக் கேபிள் நாளாக நாளாக வெடித்துத் தோல் உதிரும்.

மாட்ட வந்தவர் கிளம்புவதற்கு முன் கேட்டு வாங்க வேண்டியது அட்மின் பாஸ்வேர்டு. பல வீடுகளில் கருவி மாட்டியவரின் ஆப் கணக்கில்தான் கட்டுண்டு கிடக்கிறது, அவர் நினைத்தால் உங்கள் ஹாலைப் பார்க்கலாம். உங்கள் மின்னஞ்சலில் புதிதாகப் பதிந்து, மற்றவர்களுக்குப் பகிர்ந்துகொடுங்கள். தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாத ஆயிரக்கணக்கான கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் பிடித்துத்தான் 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் இணையத்தையே தடுமாற வைத்தது. ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறக்கத் தேவையில்லை, அதைத் தானாகத் திறந்துவிடும் யு.பி.என்.பி.யை அணையுங்கள்.

அமைப்புகளில் இவற்றைச் சரிபாருங்கள். நேர மண்டலம் ஜி.எம்.டி. +8, என்.டி.பி. (இணையத்திலிருந்து கடிகாரத்தைச் சரிசெய்யும் வசதி) திறந்திருக்க வேண்டும், பகலொளி நேர மாற்றம் அணைந்திருக்க வேண்டும். படத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ், 60இல் விட்டால் குழல் விளக்கடியில் படம் துடிக்கும். டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேல் எழுதும் வசதி திறந்திருக்கட்டும்.

ஏதாவது நடந்துவிட்டால் அன்றே, காத்திருக்காமல், பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, சம்பவத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் சேர்த்து நான்கு கேமராவின் பதிவையும் எடுங்கள். ரெக்கார்டர் கடிகாரத்தையும் கைப்பேசி நேரத்தையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து வையுங்கள். போலீஸ் ரிப்போர்ட் செய்யும்போது நேர வித்தியாசம் பற்றிய கேள்விக்கு அது பதில். கணினியில் உருவான பதிவு நீதிமன்றத்தில் ஏற்கப்படுவதைப் பற்றி 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு பேசுகிறது, ஆகவே மூலக் கோப்பை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் சுருக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

மாதம் ஒருமுறை, சம்பளம் போடும் நாளையே நினைவுக் குறியாக வைத்து, ஒவ்வொரு கேமராவிலும் போன வாரத்து அதிகாலை மூன்று மணியைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். மிகப் பழைய பதிவின் தேதியையும் பாருங்கள். 23 நாள் இருந்த இடத்தில் 9 நாள் காட்டினால் யாரோ அமைப்பை மாற்றியிருக்கிறார்கள், இல்லையேல் டிஸ்க் போகத் தொடங்கிவிட்டது. அலமாரியில் பத்து ஆர்.ஜே.45 கேபிள் முனைகள், அவற்றை மாட்ட ஒரு கிரிம்பர், ஸ்விட்சுக்கு ஒரு மாற்று அடாப்டர் இருந்தால் மழைக்காலத்தில் கடைக்காரர் எப்போது வருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை.