மீனுக்கு மருந்து விற்ற கடை, தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை

கோவையில் நல்ல கூட்டம் வரும் ஒரு வண்ணமீன் கடை என்னிடம் நோயுள்ள மீனை விற்று, அந்த நோய்க்குத் தப்பான மருந்தையும் விற்று, கடைசியில் தொட்டியையே கெடுத்துவிட்டுப் போனது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் தெரிந்தால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்ப்பீர்கள். அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால் ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ வேறு ஒரு கடையில் இதே மாதிரி நடக்கும்போது அடையாளம் தெரியும். அதற்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு அவிநாசிப் பக்கம். மூன்றடித் தொட்டியில் மோலி, டெட்ரா, கொராமி எல்லாம் நெடுநாளாக எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தன. என் மகள் ஏஞ்சல் மீன் கேட்டாள். கடைக்குப் போனபோது, புது மீனைப் பழைய மீன்களோடு விடலாமா என்று கேட்டுத்தான் வாங்கினேன். "ரெண்டு வாரம் தனியா வெச்சு, மருந்து போட்டு எடுத்ததுங்க்கா. நேரா விடலாம்" என்றார் கடைக்காரர். அந்த வாரத்துக்குள்ளேயே ஏஞ்சல்களின் துடுப்புகளிலும் வாலிலும் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் வந்துவிட்டன. மீன்கள் கல்லில் உடம்பை உரசிக்கொண்டு ஓடின.

போனில் வீடியோ எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனேன். முழுதாகக்கூடப் பார்க்கவில்லை. "பங்கஸ்ங்க்கா, ஒன்னும் ஆகாது" என்று ஒரு நீல மருந்துப் பாட்டிலும், ஜிப் கவரில் கொஞ்சம் கேப்சூல்களும் கொடுத்தார்கள். பாட்டிலில் லேபிள் இல்லை. வெளிநாட்டுச் சரக்கைச் சின்னப் பாட்டிலில் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்றதற்கு, "தண்ணி நீலமாகற அளவுக்கு ஊத்துங்க" என்பதுதான் பதில். தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது, எந்தத் தண்ணீர், எத்தனை மீன், பில்டர் என்ன வகை, எதையுமே கேட்கவில்லை.

அந்தப் புள்ளிகள் பங்கஸ் இல்லை. வெள்ளைப்புள்ளி நோய் என்பது ஓர் ஒட்டுண்ணியால் வருவது. மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக இக் என்பார்கள். நன்னீர்த் தொட்டிகளில் மிகச் சாதாரணமாக வரும் நோய் இது. தினமும் மீன் விற்கிறவர் இதைப் பார்த்ததே இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். பங்கஸ் என்றால் பஞ்சு மாதிரி இழை இழையாக, பெரும்பாலும் ஏற்கெனவே காயம் பட்ட இடத்தில் நிற்கும். புள்ளியாகத் தனித்தனியே இருக்காது. வாயைச் சுற்றியும் முதுகிலும் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ படர்ந்து, பார்க்கப் பங்கஸ் போலவே இருக்கும் இன்னொன்று உண்டு. அதன் பெயர் காலம்னாரிஸ். அது பாக்டீரியாவால் வருவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பேர் தெரியாமல் மருந்து போட்டால் நோய் அப்படியே இருக்க, மருந்தின் கேடு மட்டும் மீனுக்குப் போய்ச் சேரும்.

இந்த ஒட்டுண்ணி வாழும் விதம் தெரிந்தால் கடைக்காரர் சொன்ன அடுத்த பொய்யும் புரியும். நம் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புள்ளி மீனின் தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே எந்தத் தொட்டி மருந்தும் எட்டாது. அது முதிர்ந்ததும் மீனை விட்டு உதிர்ந்து, அடியில் கற்களில் ஒட்டிக்கொண்டு, ஒன்று பல நூறாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் நீந்தி வந்து, சுமார் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாகும். மருந்து கொல்வது நீந்திவரும் அந்தக் கட்டத்தில் மட்டும்தான். அதனால் புள்ளி மறைந்துவிட்டால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கும் புள்ளி மறைந்தது. போன் செய்து கேட்டேன். "சரியாயிருச்சுங்க்கா, மருந்த நிறுத்திருங்க" என்றார்கள். நிறுத்தினேன். அடுத்த சுற்றில் ஏஞ்சல்களோடு மோலிகளுக்கும் டெட்ராக்களுக்கும் சேர்த்து வந்தது.

தண்ணீரின் வெப்பத்தை மெதுவாக 28 முதல் 30 டிகிரி வரை ஏற்றினால் அந்தச் சுழற்சி வேகமாக முடியும், மருந்துக்குச் சீக்கிரம் சிக்கும். கார்த்திகை, மார்கழியில் நம் பக்கம் இரவில் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்துவிடுவதால் ஹீட்டர் வேண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஆகவே ஏர் பம்பைக் கூட்ட வேண்டும். மீனுக்கு மீன் தாங்கும் சூடு வேறு. தங்கமீன் தொட்டியில் இவ்வளவு ஏற்றக் கூடாது. புள்ளி எல்லாம் மறைந்த பிறகும் சில நாள் மருந்தைத் தொடர வேண்டும். பில்டரில் கரி இருந்தால் மருந்து போடும்போது அதை எடுத்துவிட வேண்டும். கரி மருந்தை உறிஞ்சிவிடும். இதில் ஒன்றைக்கூடக் கடையில் சொல்லவில்லை. ஹீட்டர் அவர்கள் அலமாரியிலேயே இருந்தது.

கேப்சூல் விஷயம் இதைவிட மோசம். அது டெட்ராசைக்ளின், பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக். இந்த ஒட்டுண்ணியை அது ஒன்றும் செய்யாது. மருந்துக்கடையிலேயே டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத வகை மருந்து அது. அதை அட்டையிலிருந்து பிரித்து, தேதி தெரியாமல், மீன் தீவனத்தோடு சேர்த்து விற்கிறார்கள். சரி, பாக்டீரியா நோயாகவே இருந்திருக்கட்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நல்ல தண்ணி ஒரு குழாய், உப்புத் தண்ணி ஒரு குழாய். தொட்டிக்குப் போவது பெரும்பாலும் போர்வெல் உப்புத் தண்ணிதான். அதில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய. டெட்ராசைக்ளின் அவற்றோடு பிணைந்துகொண்டு மீனுக்குள் சரியாகச் சேராமல் போய்விடும். உப்பு அதிகமில்லாத சிறுவாணித் தண்ணீர் ஊற்றும் வீட்டுக்கும் போர்த் தண்ணீர் ஊற்றும் வீட்டுக்கும் ஒரே கேப்சூலை நீட்டுகிற கடைக்காரரை எதை வைத்து நம்புவது?

நோய் திரும்பி வந்ததும் கடையில் இன்னொரு யோசனை சொன்னார்கள். ஆளை அனுப்பித் தொட்டியைச் சுத்தம் செய்து தருவார்களாம், 800 ரூபாய். வந்த பையன் முழுத் தண்ணீரையும் வெளியேற்றினான். கற்களை எடுத்துக் கழுவினான். பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து பளிச்சென்று ஆக்கினான். அப்புறம் குழாயிலிருந்து நேராக நல்ல தண்ணியைப் பிடித்து நிரப்பினான். அதில் குளோரின் இருக்குமே என்று நான் கேட்டதற்கு, "ஓனர் சொன்னபடிதாங்க்கா செய்யறேன்" என்றான். அவனிடம் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்தான்.

அந்த ஸ்பாஞ்சில்தான் தொட்டியின் உயிரே இருந்தது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அதில் வளர்ந்திருக்கும். புதுத் தொட்டியில் அது உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, அந்தப் பாக்டீரியாவைக் கெடுக்கும் என்பதால்தான் அதைத் தனித் தொட்டியில் மட்டும் பயன்படுத்தச் சொல்வார்கள். மிச்சம் இருந்ததைக் குளோரின் முடித்தது. இரண்டு நாளில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. துடுப்பு ஓரங்களில் சிவப்புக் கோடு. கடையில் கேட்டால் "செவுள் புழு" என்று வேறொரு பாட்டில், 450 ரூபாய். அதையும் லேபிள் இல்லாமல்தான் தந்தார்கள்.

நான் அதை ஊற்றவில்லை. பவானிசாகர் பக்கம் மீன் குஞ்சுப் பண்ணையில் வேலை செய்கிற என் சித்தப்பா மகனைக் கூப்பிட்டேன். போனில் அவன் கேட்ட முதல் கேள்வியே, "அக்கா, தண்ணிய டெஸ்ட் பண்ணியா?" என்பதுதான். புள்ளியைப் பற்றி அப்புறம்தான் பேசினான். சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கிவந்து பார்த்தான். இருக்கவே கூடாத அமோனியா அடர் பச்சையாகக் காட்டியது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 8-க்கு மேல். பிஎச் ஒன்று கூடினால் அமோனியாவில் நச்சாகும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பிஎச் கூடிய தண்ணீரில் அமோனியா இவ்வளவு சீக்கிரம் மீனைக் கொல்வது அதனால்தான். என் மீன்கள் செவுள் புழுவால் மூச்சு முட்டவில்லை. தண்ணீர் அவற்றின் செவுளை எரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் இன்னொரு மருந்து ஊற்றியிருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது என்றான்.

தினமும் கால்பங்கு தண்ணீரை, குளோரின் போகப் பிடித்துவைத்த தண்ணீரால் மாற்றச் சொன்னான். தீனியை நிறுத்தச் சொன்னான். காற்றைக் கூட்டினோம். தன் பண்ணையில் நோயில்லாத தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஸ்பாஞ்சு பில்டரை ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டான். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல் உப்பு. நைட்ரைட் ஏறும்போது உப்பில் உள்ள குளோரைடு அது மீனின் ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். செடி நிறைய வைத்திருப்பவர்களும் கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்தி வகை மீன் வளர்ப்பவர்களும் உப்பில் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீர் சரியான பிறகுதான் இக்குக்கு உரிய மருந்தை, லேபிளில் இருந்த அளவை லிட்டர் கணக்குப் பார்த்துப் போட்டோம். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 90, 30, 40 என்றால் 108 லிட்டர். கல்லும் மண்ணும் எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கடைக்காரர் செய்திருக்க வேண்டிய கணக்கு அவ்வளவுதான்.

மோலிகளும் ஒரு கொராமியும் பிழைத்தன. ஏஞ்சல்கள் நாலும் போய்விட்டன. டெட்ராக்களில் பாதி இல்லை.

இனி என்னால் மறக்க முடியாத பகுதி. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். ஓனர் சொன்னார்: "உங்க தண்ணி சரியில்லீங்க்கா. நாங்க என்னுங்க பண்ண முடியும்?" மீன் விற்றபோது தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. பாட்டில் விற்றபோதும் கேட்கவில்லை. 800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பியபோதும் கேட்கவில்லை. பணம் என்றதும் தண்ணீர் ஞாபகம் வந்தது. என் வீட்டுத் தண்ணீரைப் பற்றி அவர் சொன்னது தப்பும் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் கெடுத்தது அவர் அனுப்பிய ஆளும் அவர் விற்ற மருந்தும்.

அதனால் மீன் நோய்க்கென்று கடைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீரைப் பற்றியும் தொட்டியின் லிட்டரைப் பற்றியும் கேட்காமல் மருந்துப் பாட்டிலை எடுக்கிறவரிடம் வாங்காதீர்கள், எவ்வளவு பெரிய கடையானாலும் சரி. லேபிளில் மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி இல்லாத எதையும் தொட்டியில் ஊற்ற வேண்டாம். மீன் வாங்கும்போது நீங்கள் எடுக்கும் மீனை மட்டும் பார்க்காமல் அந்தத் தொட்டியில் உள்ள எல்லா மீன்களையும் பாருங்கள். கடையில் பல தொட்டிகளுக்கு ஒரே வலையைப் போட்டுப் பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். நான் பணம் கேட்கப் போன அன்று அங்கே அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுத்தம் செய்ய ஆள் வந்தால், ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்தே எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக அலசச் சொல்லுங்கள். முழுத் தண்ணீரையும் எடுக்க விடாதீர்கள்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குத் தந்தது "எஸ்டிமேட்" என்று எழுதிய துண்டுச் சீட்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கும் காலம் பில்லில் சொல்லப்படவில்லை என்றால், 30 நாளுக்குள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதே கணக்கில் வரும். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம். நான் அதில் புகார் பதிந்துவிட்டேன். லேபிள் இல்லாத இரண்டு பாட்டில்களையும், மிச்சக் கேப்சூல்களையும், அந்தத் துண்டுச் சீட்டையும், 800 ரூபாய் அனுப்பிய போன் ரசீதையும் எடுத்துவைத்திருக்கிறேன். கடை பதில் சொல்லாவிட்டால் அடுத்தது ஆணையம்தான்.