வெப்கேமாகப் போன்: திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்து

அவிநாசிப் பங்காளி ஒருத்தர் கேட்டாருங்க: "லேப்டாப் கேமராவுல மூஞ்சி மங்கலாத் தெரியுது. வெப்கேம் வாங்கட்டுமா, உங்களாட்ட போனையே மாட்டிக்கட்டுமா?" அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிடறேன்.

நமக்குச் சின்ன பனியன் கம்பெனி. துணி வாங்கற பையர்கிட்ட வீடியோ கால்ல பேசறப்ப, மூஞ்சி எப்படித் தெரிஞ்சா என்ன, துணி தெரியோணும். அங்கதான் போன் அசத்துது. ஸ்டாண்டுல கவுத்து மாட்டி, பின்பக்கக் கேமராவுக்குக் கீழ துணியை விரிச்சா, பின்னல் ரிப்பா இன்டர்லாக்கான்னு பையர் பார்த்ததுமே சொல்லிடறார். சிங்கிள் ஜெர்சித் துணியில, ஊசிக் குறையால நீளவாக்குல ஓடற நீடில் லைன்கூடத் தப்பாது. லேப்டாப்போட 720பி கேமராவுல இதெல்லாம் ஆகாத காரியம். கலரை மட்டும் இதுல காட்டி முடிவு பண்ணாதீங்க. கேமராவோட ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வெளிச்சத்துக்குத் தக்கன கலரை அதுபாட்டுக்கு மாத்திக்கிட்டே இருக்கும். லேப் டிப், அதாவது சாயம் போட்ட சாம்பிள் துணி, கூரியர்ல போய், கலர் பார்க்கற வெளிச்சப் பெட்டியான லைட் பாக்ஸ்ல வெச்சுப் பார்த்தாத்தான் ஓகே.

மைக்குக்குப் போன் வேண்டாங்க. ஓவர்லாக் தையல் மெஷின் ஓடற இடத்துல, வாய்கிட்ட நிக்கிற சாதா ஹெட்செட்டே போதும்.

இப்ப வயித்தெரிச்சலுக்கு வர்றேன். வைஃபையில விட்டா கை முன்ன போகும், படம் பின்ன வரும். அதனால கேபிள். என்னோடது ஆண்ட்ராய்டு 13. நான் போட்டிருக்கிற வெப்கேம் ஆப் கேபிள்ல ஓட யுஎஸ்பி டீபக்கிங் கேட்குது, அதாவது கேபிள் வழியாக் கம்ப்யூட்டர் போனுக்குக் கட்டளை போட விடற செட்டிங். அதுக்கு பில்டு நம்பரை 7 தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறக்கோணும். திறந்தா என் பேங்க் ஆப் உள்ளயே விடறதில்லை, அணைச்சுட்டு வான்னு சொல்லுது. திருட்டுப்பய எவனும் போனுக்குள்ள கையை விடக்கூடாதுங்கற நல்லெண்ணம்தான், ஒத்துக்கறேன். ஆனா சனிக்கிழமை பொழுதோட, அந்தப்பக்கம் பையர் ஸ்லீவ் அளவு கேட்டுட்டு இருக்கறப்ப, இந்தப்பக்கம் டைலர் வந்து நின்னு, "ஏங்ணா, சம்பளத்தைப் போட்டு விட்டீங்கன்னா கெளம்பிருவனுங்க"ங்கறார். அணைச்சா வீடியோ கருப்பு. அணைக்கலைன்னா அவருக்கு பஸ் போயிடும். பணத்தைப் போட்டுட்டு, திரும்ப ஒவ்வொண்ணா ஆன் பண்ணி, இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கட்டுமான்னு அது கேட்டு, நான் சரின்னு அமுக்கறதுக்குள்ள பையர் எந்திரிச்சுப் போயிடறார். வாரா வாரம் இதே ரோதனை.

ஆண்ட்ராய்டு 14 போன்கள்ல இதுக்கு வழி பண்ணிட்டாங்க. 2023 டிசம்பர்ல பிக்சலுக்கு வந்துச்சு: கேபிளைச் சொருகினா யுஎஸ்பி மெனுவுலயே வெப்கேம்னு இருக்கும், டீபக்கிங் வேண்டாம். எல்லா போன்லயும் இருக்காது, விசாரிச்சு வாங்கோணும். ஐபோனும் மேக்கும் வெச்சிருக்கிறவங்களுக்கு 2022-லயே ஐஓஎஸ் 16-ல கேபிள்கூட இல்லாமக் கெடைச்சுருச்சு. என் போனுக்கு அப்டேட் 13-ஓட நின்னு போச்சு.

சார்ஜ் ஏறும்னும் நம்பாதீங்க. பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். கேமரா அதைவிட எச்சாக் குடிக்கும். கேபிள்ல இருக்கும்போதே பேட்டரி எறங்கும், போனும் சுடும்.

பங்காளிக்குச் சொன்ன பதில்: சாதா வெப்கேம் எதுவும் போன் படத்துக்குக் கிட்டயே வராது. ஆனாலும் நீங்க வெப்கேமே வாங்கிக்குங்க. அவர் கேட்டது சனிக்கிழமை ராத்திரி. திங்கட்கிழமை கேட்டிருந்தா, ஸ்டாண்டு எங்க வாங்கறதுன்னு சொல்லியிருப்பேன்.