டிப்ளமோ நர்சிங்கா, பி.எஸ்சி. நர்சிங்கா?

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் நர்சிங் பற்றி யோசிக்கிற வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். மூன்று ஆண்டு டிப்ளமோவா, நான்கு ஆண்டு பட்டமா? "என்ன இருந்தாலும் டிகிரி டிகிரிதானே" என்று சித்தப்பா, பெரியப்பாக்கள் தீர்ப்பு வழங்கிவிடுவார்கள். பாதி வரைக்கும் அது சரி. மீதிப் பாதியில்தான் பல குடும்பங்கள் கடனில் மாட்டிக்கொள்கின்றன.

சேர்க்கையிலிருந்தே வேறுபாடு தொடங்குகிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியலில் 45 சதவீத மதிப்பெண் வேண்டும். டிப்ளமோவுக்கு 40 சதவீதம் போதும். டிப்ளமோவில் அறிவியல் படிக்காதவர்களுக்கும் கவுன்சில் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மாநிலச் சேர்க்கைக் கையேட்டில் நிபந்தனை இன்னும் இறுகலாம் என்பதால் அதையும் படித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

படித்து முடித்த பிறகு இருவரும் செவிலியராகப் பதிவு செய்வது ஒரே மாநில நர்சிங் கவுன்சிலில்தான். வார்டுக்குள் நுழைந்தால் இருவருக்கும் அதே நைட் டூட்டி, அதே மருந்து டிராலி. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் பணிக்கும் இரண்டு தரப்பாருமே விண்ணப்பிக்கலாம். தொகுப்பூதியத்தில் சேர்ந்துவிட்டு நிரந்தரப் பணிக்காகக் காத்திருக்கும் அவதியும் இருவருக்கும் பொதுவானது.

தனியார் மருத்துவமனைச் சம்பளத்திலும் பட்டத்துக்குப் பெரிய மவுசு இல்லை. உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் மத்திய அரசு அமைத்த குழு 2016-இல் கொடுத்த பரிந்துரை, சம்பளத்தைப் படுக்கை எண்ணிக்கையோடு முடிச்சுப் போட்டது. 200 படுக்கைகளுக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 50-க்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றுவிட்ட மருத்துவமனைகள் ஏராளம். அங்கெல்லாம் பி.எஸ்சி. முடித்தவரும் டிப்ளமோ முடித்தவரும் ஏறக்குறைய ஒரே குறைந்த சம்பளத்தில்தான் தொடங்குகிறார்கள். நான்கு ஆண்டு கல்விக் கடனின் வட்டி முதல் மாதத்திலிருந்தே உறுத்துவது இதனால்தான்.

அப்படியானால் பட்டம் எங்கே கைகொடுக்கிறது? அடுத்த படிகளில். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் நார்செட் தேர்வை எடுத்துக்கொள்வோம். பி.எஸ்சி. முடித்துப் பதிவு பெற்றவர் நேராக எழுதலாம். டிப்ளமோ முடித்தவரோ குறைந்தது 50 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு வேலை பார்த்த சான்றோடு வர வேண்டும். அந்தப் பணியின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய் என்பதை நினைத்தால் இந்த 2 ஆண்டு அற்பமானது அல்ல. சிறிய நர்சிங் ஹோமில் முதல் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்த அனுபவம் கணக்கிலேயே வராமல் போகலாம். யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இது.

எம்.எஸ்சி., தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, கல்லூரியில் கற்பிக்கும் பணி ஆகிய எல்லாவற்றுக்கும் பட்டம்தான் வாசற்படி. டிப்ளமோக்காரர் அங்கே போக 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்க வேண்டும். மூன்றும் இரண்டும் ஐந்து. நேர்வழியைவிட ஓர் ஆண்டுதான் கூடுதல். ஆனால் நடைமுறையில், வேலை, கல்யாணம், குழந்தை என்று வந்தபின் மறுபடி வகுப்பில் போய் உட்காருவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆசிரியப் பணியிலோ உயர் படிப்பிலோ நாட்டம் உள்ள பெண்ணை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று டிப்ளமோவில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெளிநாடு என்றால் எந்த நாடு என்று கேட்க வேண்டும். சவூதியின் தகுதி வகைப்பாட்டில் பட்டதாரி நர்சிங் ஸ்பெஷலிஸ்ட். டிப்ளமோ முடித்தவர் டெக்னீஷியன். பதவியும் சம்பளமும் அங்கேயே பிரிந்துவிடுகின்றன. பிரிட்டனில் நிலைமை வேறு. ஆங்கிலத் தேர்வு, கணினி வழித் தேர்வு, செய்முறைத் தேர்வு ஆகிய மூன்றையும் இருவருமே தாண்டியாக வேண்டும். ஜெர்மனிக்கோ மொழிதான் மலை. பி2 நிலை வரை, அதாவது வேலையிடத்தில் தடையின்றிப் பேசும் அளவுக்கு, ஜெர்மன் கற்ற டிப்ளமோக்காரர், மொழி தெரியாத பட்டதாரியை முந்திக்கொண்டு போய்விடுவார்.

இவ்வளவுக்கும் மேலே நான் வைப்பது ஒன்று உண்டு: பயிற்சி தரும் மருத்துவமனை. மாணவர் ஒருவருக்கு நோயாளிகள் மூவர் என்ற விகிதத்தைக் கவுன்சில் வைத்திருப்பது சும்மா இல்லை. பிரசவ அறையில் நின்று பழகாமல், ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் அலாரம் அடிக்கும்போது கை எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் வெளியே வருகிறவருக்குப் பட்டம் என்ன செய்யும்? அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றோடு இணைந்த பள்ளியில் டிப்ளமோ இடம் ஒரு பக்கம். படுக்கைகள் காலியாகக் கிடக்கும் மருத்துவமனையைக் காட்டி நடத்தும் தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கும் பி.எஸ்சி. மறு பக்கம். இந்த இரண்டுதான் கையில் இருக்கிறதென்றால் யோசிக்காமல் டிப்ளமோவை எடுங்கள். அரசுக் கல்லூரியிலோ நல்ல மிஷன் மருத்துவமனையிலோ பி.எஸ்சி. கிடைத்தால் டிப்ளமோ பற்றிய பேச்சே வேண்டாம். வேலூர் சி.எம்.சி. 1946-இலேயே பட்டப்படிப்பைத் தொடங்கிய இடம். அதுபோன்ற இடங்களில் வார்டே வகுப்பறை.

இந்த இரண்டு தவிர, பஸ் நிலையச் சுவர்களில் "ஓராண்டில் நர்ஸ் ஆகலாம்" என்று ஒரு மூன்றாவது கடையும் விரிக்கப்படுகிறது. அதை முடித்தவர் மாநில கவுன்சிலில் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. அரசு வேலைக்கும் வெளிநாட்டுக்கும் அந்தச் சான்றிதழ் உதவாது. எந்தப் படிப்பானாலும், பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். பிறகு ஒரு நாள் காலையில், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், அவர்களுடைய மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.