ஃபெண்டர், கிப்சன், அவர்களுக்குப் பின் வந்தவர்கள்

எலக்ட்ரிக் கிட்டார் செய்யும் இரு அமெரிக்க நிறுவனங்களில் ஃபெண்டரா, கிப்சனா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒலியை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது விரல்கள் ஓடும் கழுத்தான நெக்கும் உடலான பாடியும் சேரும் இடத்தை. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அங்கே நான்கு திருகாணிகள் இருக்கும். கிப்சன் லெஸ் பாலில் பசை. இரண்டு நிறுவனங்களின் குணமும் அந்த ஓரிடத்திலேயே தெரிந்துவிடும்.

ஃபெண்டரை நிறுவிய லியோ ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்த்தவர்; கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். இசைக்கருவித் தச்சர்களின் மரபு எதுவும் அவர் கையைக் கட்டிப்போடவில்லை. நெக் தேய்ந்தால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். வயரிங் கெட்டால் முன்தகட்டைத் திறந்து பார்க்கலாம். 1954இல் வந்த ஸ்ட்ராட்டில் மூன்று பிக்கப்கள் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பாகங்கள்), விலா எலும்பிலும் முழங்கையிலும் உறுத்தாதபடி செதுக்கிய பாடி. இன்று மரபின் சின்னமாகக் கொண்டாடப்படும் வடிவம், பிறந்தபோது துணிச்சலான புதுமை.

1952இல் வந்த லெஸ் பால் வேறு வழியில் பிறந்தது. மஹோகனி பாடி, அதன்மேல் வளைவாகச் செதுக்கிய மேப்பிள், பசையிட்டுப் பொருத்திய நெக் என்று மேற்பரப்பு வளைந்த ஆர்ச்டாப் கிட்டார் செய்த கைகளின் பழக்கம் முழுக்க அதில் இருக்கிறது. ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம், சுமார் 24.75 அங்குலம், ஃபெண்டரில் 25.5. அந்த முக்கால் அங்குலக் குறைவால் கம்பி சற்றுத் தளர்ந்து நிற்கும், கம்பியைத் தள்ளி ஸ்வரத்தை ஏற்ற, அதாவது பெண்ட் செய்ய, விரல் அவ்வளவு நோகாது. 1957 முதல் ஹம்பக்கர் என்ற பிக்கப் வந்தது. கிப்சனின் பொறியாளர் சேத் லவர் இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து மின் இரைச்சலை அடக்கினார். ஸ்ட்ராட்டின் ஒற்றைக் காயில் பிக்கப்பில் அந்த இரைச்சல் இன்றும் கேட்கும். பதிலுக்கு ஒவ்வொரு ஸ்வரமும் கண்ணாடி மாதிரித் தெளிவாக விழும். தடித்த, நெடிதுநிற்கும் ஒலி வேண்டுமென்றால் லெஸ் பால்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் வருத்தம் அதன் தலைப்பகுதியில். ஹெட்ஸ்டாக் பின்னோக்கி 17 டிகிரி வரை சாய்ந்திருக்கிறது. நெக் வளையாமல் காக்கும் டிரஸ் ராடு என்ற உள் உலோகத் தண்டுக்காக மரத்தைக் குடைந்த இடமும் அங்கேதான். மல்லாந்து விழுந்தால் பல நேரம் அங்கேயே முறிகிறது. நடுவிலுள்ள மூன்றாவது, நான்காவது கம்பிகள் நெக்கின் மேல் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் வளைந்து போவதால், மூன்றாவது கம்பி அடிக்கடி சுருதி விலகும். ஃபெண்டரில் ஆறு கம்பிகளும் ஒரே வரிசையில் நேராக ஓடுகின்றன.

கிப்சன் புதுமைக்குப் பயந்த நிறுவனமும் அல்ல. 1958இல் ஃப்ளையிங் வி, எக்ஸ்ப்ளோரர் என்று யாரும் எதிர்பாராத வடிவங்களைக் கொண்டுவந்தது. அன்று வாங்க ஆளில்லை. 2015இல் பெரும்பாலான மாடல்களில் தானே சுருதி சேர்க்கும் மோட்டாரையும் அகன்ற நெக்கையும் வைத்தது. வாங்குபவர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். பழி வாசிப்பவர்களின் பழமைப்பற்றின் மேல் விழுந்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கை ஒரு நிமிடத்தில் செய்யும் வேலைக்கு மோட்டார் வந்தது. முறிகிற தலை அப்படியே இருந்தது.

அந்த இடத்தைக் கவனித்தவர் பால் ரீட் ஸ்மித். 1985இல் தொடங்கிய பிஆர்எஸ் கிட்டார்களில் ஸ்கேல் 25 அங்குலம், இருவருக்கும் நடுவே. தலையில் இருபுறமும் மூன்று மூன்று சுருதிச் சாவிகள் இருந்தும் கம்பிகள் ஏறக்குறைய நேராகச் செல்கின்றன. ஜப்பானின் இபனேஸ் 1970களில் அமெரிக்க மாடல்களை நகலெடுத்து, 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம் தொடுத்த வழக்கைச் சந்தித்தது. பத்தே ஆண்டில் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாயுடன் சேர்ந்து, மெல்லிய நெக்கும் 24 ஃபிரெட்டும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) கொண்ட தன் சொந்த வடிவத்தை உருவாக்கியது. வேகமாக வாசிப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை அதுதான். வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கர் தலையையே எடுத்துவிட்டார். சுருதிச் சாவிகள் பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் போயின. சமநிலை அருமையாக இருந்தாலும், இரு முனையிலும் குண்டு வைத்த தனிக் கம்பி தேடவேண்டியிருந்தது. சுவீடனின் ஸ்ட்ராண்ட்பெர்க் சாதாரணக் கம்பியிலேயே அதைச் சாதித்ததால், நீண்ட நேரம் வாசித்துத் தோள் வலிப்பவர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன்.

ஒரே ஒரு கிட்டார்தான் வாங்க முடியும் என்றால் ஸ்ட்ராட் வடிவத்தை எடுங்கள். லெஸ் பால்தான் மனத்தில் இருக்கிறதென்றால் கனமான கேஸையும் நல்ல ஸ்டாண்டையும் அன்றே சேர்த்து வாங்குங்கள். சுவரில் சாய்த்து மட்டும் வைக்காதீர்கள்.