நெல்லியடியில் இருந்து யாழ்ப்பாணம்: மினிபஸ்ஸா, அரச பஸ்ஸா?

நெல்லியடியில் இருந்து யாழ்ப்பாணம் ரவுனுக்கு நாளாந்தம் வேலைக்குப் போய் வருகிறேன். 2022 நடுப்பகுதி வரை ஸ்கூட்டிதான். அந்த வருடம் யூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. அப்புறம் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாகப் பெற்றோல் எடுக்கிற முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். போக வர ஐம்பது கிலோமீற்றர் ஓடுகிற எனக்கு அந்த 4 லீற்றர் வியாழக்கிழமையோடு முடிந்துவிடும். பெற்றோல் பிறகு தாராளமாகக் கிடைத்தும் நான் ஸ்கூட்டிக்குத் திரும்பவில்லை. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் வல்லை வெளியைக் கடக்க ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தே கை உளைந்துவிடும். மாரியில் நனைந்த உடுப்போடு கந்தோரில் இருக்க வேண்டும். ஸ்கூட்டியின் நல்லது கெட்டது எல்லாருக்கும் தெரிந்தவை. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

நெல்லியடி இருக்கிற வடமராட்சிக்கு ரயில் கிடையாது. காங்கேசன்துறைப் பாதை வலிகாமத்துக்குள்ளால் போய் முடிந்துவிடுகிறது. ஆகவே எங்களுக்குப் பஸ்ஸை விட்டால் வேறு பொதுப் போக்குவரத்து இல்லை. பருத்தித்துறையில் இருந்து யாழ்ப்பாணம் வரை 33 கிலோமீற்றர் அளவு; நான் நடுவில் ஏறுகிற ஆள். முதல் ஏழெட்டு மாதம் தனியார் மினிபஸ்ஸில் போனேன். அதன் பிறகு சீசன், அதாவது மாதாந்த ரிக்கற், எடுத்து அரச பஸ்ஸுக்கு மாறினேன். இன்று வரை அதுதான். யாரும் கேட்டால் அரச பஸ்ஸைத்தான் சொல்வேன், ஏன் என்று எழுதத்தான் இது.

முதலில் சின்ன விசயங்கள். சாதாரண சேவைக்குக் கட்டணம் இரண்டிலும் ஒன்றுதான், அரசாங்கம் நிர்ணயிப்பது. தினமும் போகிறவருக்கு சீசன் இருப்பதால் அரச பஸ் மலிவாக வரும், மிச்சக்காசுப் பிரச்சினையும் இல்லை. இருக்கை மினிபஸ்ஸில் மெத்தென்று இருக்கும். ஆனால் நின்று போனால் கூரை தலையில் முட்டும், உயரமானவர்கள் வல்லை தொடக்கம் நல்லூர் வரை கழுத்தைச் சரித்துக்கொண்டுதான் நிற்பார்கள். அரச பஸ்ஸில் நிமிர்ந்து நிற்கலாம். அதில் ஏறும் முதற்படிதான் உயரம். முழங்கால் வருத்தம் உள்ள அம்மாமார் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு மூச்சு எடுத்துத்தான் காலைத் தூக்கி வைக்கிறார்கள். கீழே இன்னொரு படி பொருத்த எவ்வளவு செலவாகும் என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன். பாட்டு மினிபஸ்ஸில் சத்தமாகப் போகும். சிலருக்குப் பிடிக்கும், எனக்குத் தலையிடி.

எத்தனை பஸ் ஓடுகிறது என்று பார்த்தால் என் நேரங்களில் மினிபஸ்தான் அதிகம். சந்தியில் நின்றால் அதுதான் முதலில் வரும். நானும் அதனால்தான் அதில் ஏறத் தொடங்கினேன். முதலில் வருகிற பஸ் முதலில் கொண்டுபோய் விடும் என்று நினைத்தேன். ஒரு மாதத்திலேயே அந்தக் கணக்கு பிழைத்துவிட்டது.

ஒரு நாளைச் சொல்கிறேன். விடிய 6.55க்கு நெல்லியடிச் சந்தியில் மினிபஸ்ஸில் ஏறினேன். இருக்க இடமும் கிடைத்தது. பஸ் வெளிக்கிடவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, கொண்டக்டர் கீழே நின்று "வல்லை, ஆவரங்கால், புத்தூர், கோப்பாய், யாழ்ப்பாணம்" என்று கூப்பிடுகிறார். ஓரடி முன்னுக்கு எடுப்பது, பிறகு நிற்பது. 7.10க்குத்தான் சந்தியை விட்டது. அதன் பிறகும் நடக்கிற வேகம்தான். ஒழுங்கையில் யாரும் கை காட்டிக்கொண்டு வந்தால் அவர் வந்து சேரும் வரை நிற்கும். நீர்வேலி வாழைத் தோட்டங்கள் பக்கம் போகும்போது றைவர் பக்கக் கண்ணாடியில் எதையோ பார்த்தார். பின்னால் அடுத்த மினிபஸ். அந்த நிமிசத்தில் இருந்து வேறு ஒரு பயணம். கோப்பாய் வரை பறந்தது. நின்றவர்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர். எனக்கு முன்னால் ஓர் அம்மா, பெரியாஸ்பத்திரிக்கு கிளினிக் வந்தவர், கொப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். இடையில் ஒரு பிள்ளை "அண்ணை, இறக்கம், இறக்கம்" என்று கத்தியும் தரிப்பிடம் தாண்டித்தான் பஸ் நின்றது. நான் கந்தோருக்குள் போய் விரலடையாளம் வைத்தபோது 8.40. எங்களுக்கு 8.30. அந்த அம்மாவுக்கு என்ன நம்பர் கிடைத்திருக்கும் என்று அன்று முழுக்க மனதில் நின்றது. கிளினிக்கில் பிந்தினால் மத்தியானம் தாண்டிவிடும்.

அந்த றைவரையோ கொண்டக்டரையோ குறை சொல்வதில் பிரயோசனம் இல்லை. அவர்கள் சம்பளம் எங்கே இருந்து வருகிறது என்று பார்த்தால்தான் விசயம் விளங்கும். மினிபஸ்ஸில் அன்றன்று சேர்கிற காசில்தான் எல்லாம். டீசல் அடிக்க வேண்டும், முதலாளிக்குக் கொடுக்க வேண்டும், முதலாளி அதில் லீசிங் கட்ட வேண்டும், மிஞ்சுவதில்தான் இவர்கள் இருவரின் நாட்கூலி. வீதியில் நிற்கிற ஒவ்வொரு ஆளும் அவர்களுக்குக் காசு. முன்னால் போன பஸ் ஆட்களை அள்ளிக்கொண்டு போயிருந்தால், அடுத்த ஆட்கள் வந்து சேரும் வரை மெதுவாக ஊர வேண்டும். பின்னால் வருகிற பஸ் நெருங்கினால் முன்னுக்கு நிற்கிற ஆட்களை அது ஏற்ற முதல் இவர்கள் ஏற்ற வேண்டும். ஊர்வதும் பறப்பதும் ஒரே காரணத்தால்தான். ஏறியிருக்கிற நாங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டோம். எங்களுடைய நேரம் அந்தக் கணக்கில் வராது.

அப்பா கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடிய தட்டிவான் என்ற பழைய வண்டி பற்றிச் சொல்வார். ஆட்களும் மூட்டைகளும் நிரம்பினால்தான் அது வெளிக்கிடுமாம். சந்தைக்கும் கோயிலுக்கும் போன சனம், பத்து நிமிசம் முந்திப் பிந்தினால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. இன்றைக்கு அதே வீதிகளில் பஸ் ஏறுபவர்கள் கந்தோர் ஆட்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், கிளினிக் நோயாளிகள். எல்லாருக்கும் ஒரு மணி குறித்திருக்கிறது. நிரம்பினால் வெளிக்கிடும் முறை இவர்களுக்குச் சரிவராது.

அரச பஸ்ஸில் றைவருக்கும் கொண்டக்டருக்கும் மாதச் சம்பளம். நான் ஏறுவது பருத்தித்துறை பஸ் டிப்போவில் இருந்து விடிய வெளிக்கிடுகிற பஸ். நெல்லியடிக்கு எட்டுப் பேரோடு வந்தாலும் சந்தியில் ஏறுபவர்களை ஏற்றிவிட்டு மணி அடிப்பார்கள், அவ்வளவுதான். தரிப்பிடத்தில் நிற்கும், இடையில் ஊராது. ஆரம்பத்தில் இரண்டு கிழமை மினிபஸ்களை விட்டுவிட்டு அதற்காக நின்றபோது பக்கத்தில் நின்ற அக்கா "ஏன் தங்கச்சி, இது போகுதே" என்று கேட்டார். அந்த இரண்டு கிழமையில் ஒரு நாளும் 8.20க்குப் பிந்தி நான் கந்தோருக்குள் போகவில்லை. சந்தியில் பத்து நிமிசம் கூட நின்று, கந்தோருக்குக் கால்மணி முந்திப் போய்ச் சேர்ந்தேன். அந்த அக்காவும் இப்போது சீசன்.

இதில் ஒரு நியாயமான கேள்வி உண்டு. எட்டுப் பேரோடு பஸ் ஓடினால் அந்த நட்டத்தை யார் கட்டுவது? நாங்கள்தான், வரியில். எனக்கு அது சரியாகவே படுகிறது. 1958 இல் நாடு முழுவதும் பஸ்ஸை அரசு எடுத்ததும், 1979 இல் தனியாருக்குத் திரும்பத் திறந்துவிட்டதும் இதே கேள்வியைச் சுற்றித்தான். ஆட்கள் குறைந்த நேரத்திலும் பஸ் ஓட வேண்டும் என்றால் அந்த நேரத்தின் செலவை யாராவது தாங்க வேண்டும். ரிக்கற் காசை மட்டும் நம்பி ஓடுகிறவர் ஆளில்லாத நேரத்தில் ஓடமாட்டார், ஓடச் சொல்வதும் நியாயமில்லை.

அரச பஸ்ஸின் குறைகளையும் சொல்ல வேண்டும். பஸ்கள் பழையவை. ஒரு முறை வல்லை வெளியில் நின்றுவிட்டது. காற்றுக்குள் முக்கால் மணித்தியாலம் வீதியோரம் நின்றோம், குடை பிடித்தால் குடை மடங்குகிறது. ஒரு பஸ் வராமல் விட்டால் அடி பலமாக விழுவது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. அவர்களுடைய சீசன் மினிபஸ்ஸில் செல்லாது, கையில் காசும் இருக்காது. வெள்ளைச் சீருடையில் ஒரு கூட்டம் பிள்ளைகள் முதல் பாடம் போய்விட்டது என்று தெரிந்தும் சந்தியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதி மூடப்படும், இரண்டு வகை பஸ்ஸும் சுற்றித்தான் போகும், அதில் வித்தியாசம் இல்லை.

என் அனுபவம் வடமராட்சி வழியோடு நின்றுவிடுகிறது. தீவுப்பகுதிக்குப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. குறிகட்டுவானில் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போகும் படகோடு பஸ் பொருந்த வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்கள் மினிபஸ்தான் நல்லது என்று சொன்னால் அவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்வேன்.

சரி, மினிபஸ்ஸை நிறுத்திவிடலாமா? முடியவே முடியாது. அது இல்லாவிட்டால் பாதி ஆட்கள் சந்தியில்தான் நிற்பார்கள். நான் கேட்பது இரண்டு. முதலாவது, இரண்டு வகை பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே நேர அட்டவணை. இணைந்த நேர அட்டவணை என்று பல வருடமாகக் கதைக்கிறார்கள். முன்னால் போவது எது, பின்னால் வருவது எது என்று எழுத்தில் இருந்து, அதைப் பார்க்க ஆளும் இருந்தால் நீர்வேலியில் ஊரவும் தேவையில்லை, கோப்பாய்க்குப் பறக்கவும் தேவையில்லை. றைவர் தம்பிமாருக்கும் அது ஆறுதல்தான். ஒவ்வொரு நாளும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட யாருக்கு விருப்பம்? இரண்டாவது, அந்த நேரங்களைத் தரிப்பிடத்தில் எழுதிப் போடுவது. இதற்குக் காசே தேவையில்லை. எங்கள் சந்தியில் ஒரு கடைக்காரர், ஆட்கள் வந்து வந்து "பஸ் போட்டுதோ" என்று கேட்கிற தொல்லையில், கார்ட்போர்ட் மட்டையில் நீல மார்க்கரால் அரச பஸ் நேரங்களை எழுதிக் கதவில் கட்டிவிட்டார். மழையில் ஊறி எழுத்து பரவியதும் பொலித்தீன் சுற்றி இன்னொன்று கட்டினார். இப்போது ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் கடைக்குள் போய்த் தேத்தண்ணி குடிக்கிறார்கள். பஸ் வரும் நேரம் தெரிந்தால் காத்து நிற்பது பாதிக் களைப்புத்தான்.

பின்னேரத்தில் மட்டும் நானும் மினிபஸ்ஸில் ஏறுகிறேன். கந்தோர் முடிய வேலை இழுபட்டு ஆறு மணி தாண்டினால் என் அரச பஸ் போயிருக்கும். அப்போது பஸ் நிலையத்தில் மினிபஸ் நிரம்பும் வரை இருந்து, இருட்டுப்படத்தான் வெளிக்கிடுவேன். கோப்பாய் தாண்டியதும் மகனுக்குப் போன் எடுத்து நெல்லியடிச் சந்திக்கு சைக்கிளோடு வரச் சொல்வேன். எத்தனை மணிக்கு என்று அவன் கேட்பான். வல்லையில் இருந்து திரும்ப எடுத்துச் சொல்கிறேன் என்பேன்.