சின்னக் கைக்குச் சின்னக் கிட்டாரா, செட்டப் செய்த முழுக் கிட்டாரா?

"என் கை சின்னது, விரல் எட்டவில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளுக்கு நடுவே தடுமாறுகிறார்கள். ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்) குறைந்த கிட்டார் வாங்குவது ஒன்று. நெக் (விரல் வைக்கும் கழுத்துப் பகுதி) ஒடுங்கிய கிட்டாருக்கு மாறுவது இன்னொன்று. கையில் இருக்கும் முழு நீளக் கிட்டாரையே சரியாகச் செட்டப் செய்து (கம்பியின் உயரத்தையும் நெக்கின் வளைவையும் திருத்தி), மெல்லிய கம்பி போட்டு வாசிப்பது மூன்றாவது. வளர்ந்தவர்களைப் பொறுத்தவரை என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். அதனால் இந்த அலசல் நடுநிலையானது அல்ல. குழந்தைகள் விஷயம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

கை அளவு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எல்லாரும் நினைக்கும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. பெரிய கைக்கும் அதற்கே உரிய தொல்லைகள் உண்டு. தடித்த விரல்காரர், நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை) 42 மி.மீ. அகலமே உள்ள கிட்டாரில், இரண்டாம் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃபிரெட்) மூன்று விரல்களை வரிசையாக வைத்து ஏ மேஜர் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

முதலில் கணக்கு. ஸ்கேல் நீளம் என்பது நட்டிலிருந்து 12ஆம் ஃபிரெட் வரையுள்ள தூரத்தின் இரு மடங்கு. எலெக்ட்ரிக்கில் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு 648 மி.மீ., லெஸ் பாலுக்குச் சுமார் 628, ஃபெண்டர் மஸ்டாங்குக்கு 610. வழக்கமான கிளாசிக்கல் (நைலான் கம்பி) கிட்டாருக்கு 650. அக்கூஸ்டிக்கில் பெரிய உடல் கொண்ட மார்ட்டின் டிரெட்நாட் 645, அதே கம்பெனியின் சிறிய உடல் கொண்ட டிரிபிள் ஓ 632, டெய்லர் ஜி.எஸ். மினி 597.

முதல் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல், நான்காவதில் சுண்டுவிரல். இந்த விரிப்புதான் தொடக்கக்காரரை அழவைப்பது. இந்த இரண்டு ஃபிரெட்டுகளுக்கும் இடையிலான தூரம் ஸ்கேல் நீளத்தில் 15 சதவீதம். 648க்கு அது 97 மி.மீ., 628க்கு 94, 610க்கு ஏறக்குறைய 92, 597க்கு 90. ஆக, ஸ்ட்ராட்டோகாஸ்டரை விட்டு மஸ்டாங்குக்குப் போனால் மிச்சமாவது 6 மி.மீ.கூட இல்லை. நான்கு விரல்களுக்கு நடுவில் இருக்கும் மூன்று இடைவெளிகளுக்கும் அதைப் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு மி.மீ. அதே ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கையை ஐந்தாம் ஃபிரெட்டுக்கு நகர்த்தினால் நான்கு விரல் விரிப்பு 77 மி.மீ. ஆகிவிடுகிறது. கிட்டாரை மாற்றி 6 மி.மீ., இடத்தை மாற்றி 20 மி.மீ.

ஆனாலும் சின்னக் கிட்டாரை எடுத்ததும் பலருக்குச் சட்டென்று எளிதாகிவிடுகிறதே, ஏன்? அந்த 6 மி.மீ. காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் வேறு ஒன்றுதான் காரணம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது, அரை நிமிடம்கூட ஆகாது.

முழு நீளக் கிட்டாரில் மூன்றாம் கம்பியின் மேல் நான்கு விரல்களையும் 1, 2, 3, 4 ஃபிரெட்டுகளை ஒட்டி வையுங்கள். அழுத்த வேண்டாம், வெறுமனே தொட்டால் போதும். விரல்கள் போய்ச் சேர்ந்துவிட்டனவா? இப்போது நான்கையும் அழுத்துங்கள். அழுத்தும்போது சுண்டுவிரல் பின்னுக்கு இழுபட்டால் உங்களுக்கு நீளம் பற்றாக்குறை இல்லை, விசைதான் பற்றாக்குறை. கை இறுகினால் கட்டைவிரல் நெக்கைக் கவ்வும். கவ்விய கை விரியாது. "எட்டவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி உண்மையில் "அழுத்த முடியவில்லை" என்பதுதான். தொடும்போதே எட்டவில்லை என்றால் மட்டும் ஸ்கேல் நீளத்தைப் பற்றி யோசிக்கலாம்.

நட் உயரம்: வழக்கு முடிவது இங்கேதான்

கம்பியை ஃபிரெட் வரை கீழே கொண்டுபோகத் தேவைப்படும் விசை இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: கம்பியின் இழுவிசை, கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. ஒரே கம்பி, ஒரே சுருதி என்று வைத்துக்கொண்டால் இழுவிசை ஸ்கேல் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 648லிருந்து 610க்கு வந்தால் சுமார் 11 சதவீதம் மிச்சம். நல்ல விஷயம்தான். ஆனால் முதல் ஃபிரெட்டின் மேல் கம்பி 0.8 மி.மீ. உயரத்தில் நிற்கும் ஒரு கிட்டாரில் நட்டின் பள்ளத்தை அறுத்து அதை 0.4 ஆக்கினால், அங்கே கம்பியைக் கீழிறக்கும் விசை ஏறக்குறைய பாதியாகிறது. 11 எங்கே, 50 எங்கே?

ஆள்காட்டி விரலால் முதல் ஃபிரெட்டில் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் எஃப் கார்ட் (இப்படிப் பிடிப்பதுதான் பார் கார்ட்) எல்லாரையும் ஏன் படுத்துகிறது என்பதற்கும் இதுவே பதில். நட்டிலிருந்து முதல் ஃபிரெட் 36 மி.மீ. தூரம்தான். கட்டிய முனைக்கு அவ்வளவு பக்கத்தில் கம்பி விறைப்பாக இருக்கும். அங்கே கூடும் ஒவ்வொரு பத்தில் ஒரு மில்லிமீட்டரும் விரலில் தெரியும். தொழிற்சாலையிலிருந்து வரும் மலிவான கிட்டார்களில் நட்டைத் தேவைக்கு மேல் உயரமாக விட்டுவிடுவது வழக்கம். தாழ்த்திவிட்டால் இரையும், புகார் வரும். உயர்ந்திருந்தால் வாங்கியவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார்.

உயரமா என்று பார்க்க: கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃபிரெட்டுகளுக்கு நடுவில் அழுத்திப் பிடியுங்கள். அப்போது முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். மேலிருந்து தட்டினால் மெல்லிய 'டிக்' கேட்டால் போதும். சாதாரணத் தாள், அதாவது சுமார் 0.1 மி.மீ., தாராளமாக நுழைந்து வந்தால் நட் உயரம். இன்னொரு அடையாளம்: திறந்த கம்பிகள் எல்லாம் சுருதி சுத்தமாக இருந்தும் முதல் ஃபிரெட்டில் பிடிக்கும் சுரம் மட்டும் ஏறி ஒலிக்கும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் நெக்கின் வளைவு. முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டி, ஆறாம் கம்பியை நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டில் அழுத்தி, ஏழு எட்டாம் ஃபிரெட் பக்கம் இடைவெளி பாருங்கள். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கலாம். கூடுதலானால் டிரஸ் ராடை (நெக்குக்குள் இருக்கும், வளைவைத் திருத்தும் இரும்புத் தண்டு) வலப்பக்கம் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளாசிக்கல் கிட்டார் பலவற்றில் இந்த ராடே கிடையாது. அடுத்தது நட். கம்பியின் கனத்துக்கு ஏற்ற நட் அரத்தால், தலைப்பக்கம் சற்றுச் சரியும்படி, நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை கம்பியைப் போட்டுச் சோதித்துக்கொண்டே அறுக்க வேண்டும். சரிவு தவறினால், தம்பூராவில் ஜீவா வைத்ததுபோல் திறந்த கம்பி இரையும். பள்ளம் ஒடுங்கினால் கம்பி சிக்கி, சுருதி சேர்க்கும்போது 'டிங்' என்று துள்ளும். ஆழம் மிஞ்சினால் திறந்த கம்பி முதல் ஃபிரெட்டில் உரசும். எலும்புத் தூளையும் சூப்பர் க்ளூவையும் வைத்து நிரப்பித் தற்காலிகமாகத் தப்பிக்கலாம், நிரந்தரத் தீர்வு புது நட்தான். அரம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

கடைசியாகத்தான் சேடில், அதாவது உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை. 12ஆம் ஃபிரெட்டில் ஆறாம் கம்பியின் உயரம் எலெக்ட்ரிக்கில் 1.5 முதல் 2 மி.மீ., அக்கூஸ்டிக்கில் 2 முதல் 2.5, கிளாசிக்கலில் 4 பக்கம். முதல் கம்பிக்கு இவற்றைவிடச் சற்றுக் குறைவு. அங்கே 0.5 மி.மீ. இறக்க வேண்டுமானால் சேடிலில் 1 மி.மீ. எடுக்க வேண்டும், அதுவும் அடிப்பக்கத்தில். மேல்பக்கம் கம்பிக்குக் கம்பி சுருதி ஈடுகட்டும் சரிவு இருக்கும், அதைத் தேய்த்துக் கெடுத்துவிடக் கூடாது.

இதற்கும் பராமரிப்பு உண்டு என்பதை மறைக்கவில்லை. ஈரப்பதம் ஏறினால் அக்கூஸ்டிக்கின் மேல்பலகை உப்பிக் கம்பி உயரும். காய்ந்தால் இறங்கி இரையும். பருவம் மாறும்போதெல்லாம் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். 12இல் தொடங்கும் கம்பி செட்டை (முதல் கம்பியின் கனம் 0.012 அங்குலம்) எடுத்துவிட்டு 11 அல்லது 10 போட்டால் இழுவிசை குறைந்து நெக் பின்னுக்குச் சாயும், டிரஸ் ராடைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும். சின்னக் கிட்டார் வாங்கினாலும் இந்த வேலை எதுவும் மிச்சமாகாது. அதன் நட்டும் உயரமாகத்தான் வரும்.

வாங்காமலே சோதித்துப் பார்க்க

648 ஸ்கேல் கிட்டாரை அரைச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்து, முதல் ஃபிரெட்டில் கேப்போ மாட்டுங்கள். அதிரும் நீளம் 612 மி.மீ., இழுவிசை 11 சதவீதம் குறைவு, சுருதி வழக்கமானதே. கிட்டத்தட்ட ஒரு மஸ்டாங் ஸ்கேல் கையில் வந்துவிட்டது. முழுச் சுரம் இறக்கி இரண்டாம் ஃபிரெட்டில் மாட்டினால் 577 மி.மீ., இது முக்கால் சைஸ் கிட்டாரின் பக்கம் வருகிறது. ஒரு வாரம் இப்படியே வாசித்துப் பாருங்கள். ஃபிரெட்டின் மேல் ஒட்டிக் கிடக்கும் கேப்போ நட்டின் உயரத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதால், எளிதாகிவிட்டது என்றால் உடனே குறைந்த ஸ்கேல் வாங்க ஓடாதீர்கள். முதலில் நட்டைச் சரிசெய்து, கேப்போ இல்லாமல் பாருங்கள். அதன் பிறகும் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தால்தான் ஸ்கேல் உங்களுக்குப் பொருட்டு.

பொருட்டுதான் என்றால், குறைந்த ஸ்கேலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். கம்பி வளைப்பதும் அதிரவைப்பதும் சுகம். ஐந்து ஃபிரெட் விரிப்பு கேட்கும் ஜாஸ் கார்டுகள் எட்டும். விலையாகக் கொடுப்பது இது: ஆறாம் கம்பி தொளதொளக்கும். எலெக்ட்ரிக்கில் 9க்குப் பதில் 10, 10க்குப் பதில் 11 போட்டு ஈடுகட்டினால் மிச்சப்படுத்திய இழுவிசை முழுவதும் திரும்பி வந்து, அதற்கு மேலும் கூடிவிடும். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் சுரம் ஏறும், அதுவும் இறுக்கிப் பிடித்துப் பழகிய கைக்கு. அக்கூஸ்டிக்கில் ஸ்கேலோடு உடலும் சிறுத்துவிடுவதால் கீழ்ச்சுரங்களின் கனம் போகும்.

நடுவழி ஒன்று உண்டு: டிரிபிள் ஓ போன்ற 632 மி.மீ. அக்கூஸ்டிக். இதில் ஸ்கேலைவிட உடல்தான் உதவுகிறது. டிரெட்நாட்டின் அடிப்பக்க ஆழம் 12 செ.மீ. பக்கம், குட்டையானவரின் வலத்தோளை அது தூக்கிவிட, கிட்டார் சரிந்து, நெக் தூரப் போய், இடது மணிக்கட்டு மடங்குகிறது. கை சின்னது என்று தோன்றுவது சில நேரம் தோள் படும் பாடு.

ஒடுங்கிய நெக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நட் அகலம் 52 மி.மீ. உள்ள கிளாசிக்கலில் பார் கார்ட் பிடிக்க முடியாதவருக்கு 43 மி.மீ. ஸ்டீல் கம்பிக் கிட்டார் எட்டும், ஆனால் ஸ்டீல் கம்பியின் இழுவிசை கூடுதல். ஒன்றை வாங்கி ஒன்றைக் கொடுப்பதுதான். 42க்கும் கீழே போனால் பக்கத்துக் கம்பியில் விரல் இடித்துச் சத்தம் மங்கும். நெக்கின் கனம், முதுகின் வளைவு ஆகியவை கைக்குக் கை மாறும். மெல்லியதுதான் சின்னக் கைக்கு நல்லது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, உள்ளங்கைக்குப் பிடிமானம் இல்லாமல் கட்டைவிரல் சீக்கிரம் களைத்துப்போகிறவர்களும் உண்டு.

பிடிக்கும் விதம் செலவில்லாத மில்லிமீட்டர்கள் தரும். கட்டைவிரலை நெக்கின் மேலிருந்து இறக்கி, முதுகின் நடுவில், நடுவிரலுக்கு நேரே வையுங்கள். நெக்கின் தலையைத் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். இடக்காலுக்கு 15 செ.மீ. பலகை வைத்தாலே போதும். சுண்டுவிரலின் அடி நெக்கை விட்டு விலகிவிடாமல், விரல் மூட்டுகளின் வரிசை நெக்குக்கு இணையாக வரட்டும். விரிக்கும்போது சுண்டுவிரலை முதலில் வைத்து, ஆள்காட்டி விரலைப் பின்னால் நீட்டுங்கள். பின்பக்கம் நீட்டுவது எல்லாக் கைக்கும் எளிது. நாலு விரலும் ஒரே நேரம் அழுத்தியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒலித்து முடிந்த சுரத்தின் விரல் எழுந்து நகரலாம்.

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928இல் தீ விபத்தில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கிய பிறகு சோலோக்களைப் பெரும்பாலும் இரண்டு விரல்களால் வாசித்தவர். பிற்பாடு அவர் கையில் இருந்த செல்மர் கிட்டாரின் ஸ்கேல் 670 மி.மீ. சின்னக் கைக்கு இவரை உதாரணம் காட்டுவது பொருந்தாது, விரல்கள் நீளமானவை. பிளாக் சபாத் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி நமக்கு இன்னும் பக்கம். ஆலை விபத்தில் இரண்டு விரல்களின் நுனி போனபின் அவர் கண்ட வழி மெல்லிய கம்பியும், பிறகு இறக்கிய சுருதியும். விசையைக் குறைத்தார், கிட்டாரைச் சுருக்கவில்லை.

குழந்தைகளுக்கு இந்த வாதம் எதுவும் செல்லாது. எட்டு வயதுக் கைக்கு 97 மி.மீ. தொட்டுப் பார்க்கவே வராது, உடலைக் கட்டிப்பிடித்து வாசிக்க வலத்தோளும் எட்டாது. அங்கே 580 மி.மீ. பக்கத்து முக்கால் சைஸ் நைலான் கம்பிக் கிட்டார், இன்னும் சிறியவர்களுக்கு அரை சைஸ். ஓரிரு வருடத்தில் வளர்ந்து விட்டுவிடுவார்கள் என்பதால் பழையதாக வாங்கி, பழையதாகவே விற்றுவிடுவது கணக்குக்குச் சரி. வாங்கியதும் முதல் வேலை, அதன் நட்டில் அந்தத் தாளை நுழைத்துப் பார்ப்பது.